குழந்தைகள் கச்சேரிக்கு எந்த ஆர்கெஸ்ட்ரா இசையைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் புறநகரில் உங்கள் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா முதல் தடவையாக 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரி நடத்தப்போகிறது. நிரல் போடும் பொறுப்பு உங்களுடையது. கையில் ஒரு உத்தேசப் பட்டியல் இருக்கிறது: புரோகோஃபியேவின் ‘பீட்டரும் ஓநாயும்’, விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ முழுதாக, மோட்ஸார்ட் ஏதாவது ஒன்று, சினிமா டியூன் இரண்டு, கடைசியில் ரவேலின் ‘பொலேரோ’. வருகிற பிள்ளைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் கணிசமாக இருப்பார்கள். இந்தப் பட்டியல் சரியா, பிள்ளைகளுக்கு ஏற்ற எளிய இசையாக வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலில் இருப்பது எல்லாமே நல்ல இசைதான். ஆனால் நீளம். ‘நான்கு பருவங்கள்’ மட்டுமே சுமார் 40 நிமிடம். ‘பீட்டரும் ஓநாயும்’ 25, ‘பொலேரோ’ 15. பேச்சு, கைதட்டல் எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும். பத்து வயதுப் பிள்ளையே அவ்வளவு நேரம் உட்காராது, ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பல வருடமாக அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்களில் வயோலா வாசித்துவருகிறேன். இந்த மாதிரிக் கச்சேரிகளுக்கு நிரல் போடவும் கைகொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் கடினமான இசை என்று ஒன்று கிடையாது. அவர்களுக்கு ஒத்துவராதது நீளம். அதைவிட ஒத்துவராதது, காதுக்கு எட்டும்படி எதுவுமே நடக்காத இசை. அதனால் ‘எளிய இசை’ என்று தேடுவதை விட்டுவிடுங்கள். நான்கு நிமிடத்துக்குள் முடிகிற, உள்ளே ஒரு சம்பவம் நடக்கிற, கலப்படமில்லாத நல்ல இசையைத் தேடுங்கள். சத்தம் ஏறுவது, வேகம் கூடுவது, ஒரு கருவி தனியாக வந்து பேசிவிட்டுப் போவது, திடீரென்று நிற்பது என்று எதுவாகவும் அந்தச் சம்பவம் இருக்கலாம்.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீகின் ‘மலையரசனின் மண்டபத்தில்’. இப்சனின் ‘பேர் கின்ட்’ நாடகம் 1876இல் மேடையேறியபோது அதற்காக எழுதியது. மொத்தம் இரண்டரை நிமிடம். ஹார்ன் என்ற வளைந்த பித்தளைக் குழல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. கீழே செல்லோவும் டபுள் பேஸும் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்ட, ஒரு சின்ன மெட்டு பூனை நடை நடக்கத் தொடங்குகிறது. அடுத்த வரியைப் பஸூன் என்ற கனத்த குரல் கொண்ட மரக்குழல் எடுத்துக்கொள்கிறது. கடைசிவரை வேறு மெட்டே கிடையாது. அதே மெட்டு ஒரு ஸ்தாயி மேலே ஏறி வயலினுக்குப் போகிறது, சத்தம் கூடுகிறது, வேகம் கூடுகிறது, சிம்பல் இறங்குகிறது, பிறகு எல்லோரும் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். முடிவில் ஓங்கி ஓர் அடி, நிசப்தம், மறுபடி அடி, நிசப்தம். அந்த நிசப்தங்களில் அரங்கத்தைப் பாருங்கள், ஒரு பிள்ளைகூட அசையாது. விளக்கம் ஒன்றும் தேவையில்லை. ‘ராட்சதர்கள் குகையில் ஒருவன் மாட்டிக்கொண்டான், மெல்ல நழுவப் பார்க்கிறான்’ என்று ஒரு வரி போதும். கண்டக்டர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரம்ப வேகத்தைத் தூக்கிவிட்டால் பின்னால் ஏறுவதற்கு இடமிருக்காது. அமெச்சூர் குழுக்களில் இந்தத் துண்டு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

‘கடினம்’ என்று பெரியவர்கள் ஒதுக்குவதற்கு இன்னொரு உதாரணம் ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ தொகுப்பில் வரும் ‘செவ்வாய்’. ஐந்து எண்ணிக்கைத் தாளம், காதைக் கடிக்கிற சுரச் சேர்க்கைகள், ஏழு நிமிடம். பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று கமிட்டியில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நான் துணிந்து போடச் சொல்வேன். உங்கள் அரங்கத்தில் மிருதங்கமோ பரதமோ கற்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஐந்து என்பது ஒரு விஷயமே இல்லை. ‘செவ்வாய்’ மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது: தகிட தக, தகிட தக. முழங்காலில் தட்டிக் காட்டச் சொன்னால் அவர்கள்தான் பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் இரண்டாம் பகுதியும் ஐந்துதான், ஆனால் அது தக தகிட என்று திருப்பிப் போகிறது. இரண்டின் தொடக்கத்தையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டி ‘என்ன வித்தியாசம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று அணிவகுத்து நடக்கிறது, மற்றது மிதந்து ஆடுகிறது. எண்ணிக்கை அதே ஐந்துதான் என்று சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் தெரிகிற ஆச்சரியத்துக்காகவே இதைச் செய்யலாம்.

பிள்ளைகளை நம்பியவர்கள்தான் இந்தத் துறையில் நிலைத்திருக்கிறார்கள். நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் எர்னஸ்ட் ஷெல்லிங் 1924இல் சிறுவர் கச்சேரித் தொடரைத் தொடங்கியபோது கண்ணாடித் தகடுகளில் இருந்த படங்களைத் திரையில் காட்டி விளக்கினார். அதே தொடரை 1958 முதல் 1972 வரை லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார், மொத்தம் 53 நிகழ்ச்சிகள். முதல் நிகழ்ச்சியிலேயே ரொஸ்ஸினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசையை வாசித்துக் காட்டினார். அது பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் குதிரைவீரன் இசையாகத்தான் தெரியும். இதில் குதிரையும் இல்லை, வீரனும் இல்லை, இருப்பது சுரங்கள்தான் என்று அங்கிருந்து பேச்சைத் தொடங்கினார். 1960இல் ஒரு முழு நிகழ்ச்சியை மாலருக்கு ஒதுக்கினார். அன்றைக்குப் பெரியவர்களின் கச்சேரிகளிலேயே அபூர்வமாகத்தான் மாலர் ஒலித்தார். பிள்ளைகள் கேட்டார்கள். பெர்ன்ஸ்டைன் இசையைச் சுருக்கியோ இனிப்பு தடவியோ கொடுக்கவில்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் காட்டினார்.

லண்டனிலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. ராபர்ட் மேயரும் அவர் மனைவி டாரத்தியும் 1923இல் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில் குழந்தைகள் கச்சேரிகளைத் தொடங்கினார்கள். முதலில் நடத்தியவர் ஏட்ரியன் போல்ட், அடுத்த வருடத்திலிருந்து மால்கம் சார்ஜென்ட். நம் காலத்தில் பிபிசி 2014இல் ‘டென் பீசஸ்’ என்று பத்து இசைத் துண்டுகளைப் பள்ளிகளுக்குத் தேர்ந்தெடுத்தது. பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதி, முஸோர்க்ஸ்கி, ஸ்ட்ராவின்ஸ்கி, ஜான் ஆடம்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். மேலே சொன்ன க்ரீகும் ‘செவ்வாயும்’கூட உண்டு. அந்தப் பட்டியலில் தாலாட்டு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, ‘பீட்டரும் ஓநாயும்’. மாஸ்கோவின் குழந்தைகள் நாடக அரங்கை நடத்திய நடாலியா சாட்ஸ் கேட்டுக்கொண்டதால் 1936இல் புரோகோஃபியேவ் எழுதியது. கதையும் அவருடையதே. பறவைக்கு ஃபுளூட், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பீட்டருக்குத் தந்திக் கருவிகள். இதைப் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன். ஆனால் அது வந்தால் அதுதான் கச்சேரி. 25 நிமிடம் கதை கேட்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு வேறு எதுவும் ஏறாது. 4 முதல் 7 வயதுக்கென்று தனியாக நடத்துவதானால் முன்னால் கால் மணி நேரம் கருவிகளைக் காட்டிவிட்டு இதை மட்டும் வாசித்து முடித்துவிடலாம். கச்சேரிக்கு முன்பு கருவிகளைப் பிள்ளைகளிடம் காட்டி ஒவ்வொரு பாத்திரத்தின் மெட்டையும் வாசித்துக் காட்டுவது நல்லது என்று புரோகோஃபியேவே ஸ்கோரில், அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான இசைக்குறிப்பில், எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றுங்கள். ஓபோவைத் தனியாகக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குத்தான் கடைசியில் ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து வாத்து மெல்லக் கத்துவது காதில் விழும். அந்த இடம் கேட்காமல் போனால் வாத்து என்ன ஆனது என்ற கவலையோடு பிள்ளை வீட்டுக்குப் போகும். கதை சொல்பவரின் மைக் சத்தத்தை ஒத்திகையிலேயே அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் கிளாரினெட்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பூனை மரத்தில் ஏறும் இடம் தொழில்முறைக் கலைஞர்களே தேர்வுக்காக உட்கார்ந்து சாதகம் செய்கிற பகுதி.

உங்கள் கச்சேரிக்கு வயது 5 முதல் 10 வரை என்று கலந்து வருவதால் இந்த முறை ‘பீட்டரை’ விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1945இல் எழுதிய ‘இளையோருக்கான ஆர்கெஸ்ட்ரா வழிகாட்டி’யை யாராவது முன்மொழிவார்கள். 1946இல் லிவர்பூலில் அதை முதன்முதலாகக் கச்சேரியில் நடத்தியவர் மேலே சொன்ன அதே சார்ஜென்ட்தான். பர்செலின் 17ஆம் நூற்றாண்டு மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியாக 13 வடிவங்களில் வாசிக்க வைத்து, முடிவில் பிக்கலோ என்ற சின்ன ஃபுளூட்டில் தொடங்கும் ஃபியூகில் (ஒரே மெட்டை ஒவ்வொரு கருவியும் துரத்திக்கொண்டு வருகிற வடிவம்) எல்லோரையும் அதே வரிசையில் திரும்பச் சேர்க்கிறார். கடைசியில் பித்தளைக் கருவிகள் அந்தப் பழைய மெட்டை ஃபியூகின் தலைமேல் கொண்டுவந்து இறக்கும் கணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் 17 நிமிடம், ஒவ்வொரு கருவிக்கும் தேர்வு வைக்கிற மாதிரியான பார்ட் (அந்தக் கருவிக்கான தனி இசைத்தாள்). எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் வருகிற, உங்கள் குழு ஒரு பருவம் முழுக்கத் தயாராகிற கச்சேரிக்கு எடுத்து வையுங்கள்.

சான்-சான்ஸின் ‘விலங்குகளின் திருவிழா’விலிருந்து சில துண்டுகளை எடுக்கலாம். 1886இல் நண்பர்களுக்காக எழுதி, ‘அன்னம்’ ஒன்றைத் தவிர மற்றதைத் தான் உயிரோடிருக்கும்வரை அச்சிட விடவில்லை. ‘ஆமை’ பகுதியில் ஓஃபென்பாக்கின் துள்ளலான கேன்-கேன் நடன மெட்டை ஆமை வேகத்தில் வாசிக்க வைத்திருக்கிறார். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூல மெட்டு தெரிந்தால்தான் சிரிப்பு வரும். 1886இல் பாரிஸில் எல்லோருக்கும் தெரியும், இன்றைக்கு ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் முதலில் கேன்-கேனை முழு வேகத்தில் வாசியுங்கள், கைதட்டல் அடங்கியதும் ஒன்றுமே சொல்லாமல் ‘ஆமை’யைத் தொடங்குங்கள். இரண்டாவது வரிக்குள் எங்கிருந்தாவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும், பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவும். எதையும் முன்கூட்டியே விளக்கி அந்தச் சந்தோஷத்தைப் பறித்துவிடாதீர்கள்.

ஹைடனின் 94ஆம் சிம்பொனிக்கும் இதே எச்சரிக்கைதான். 1792இல் லண்டனிலேயே அரங்கேறியது, ‘சர்ப்ரைஸ்’ என்று பெயர். இரண்டாம் பகுதியில் நர்சரிப் பாட்டு போன்ற ஒரு மெட்டு சன்னமாக வருகிறது, மறுபடி அதைவிடச் சன்னமாக வருகிறது, பதினாறாவது பாரில் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) டிம்பனி என்ற பெரிய மேளத்தோடு எல்லோரும் சேர்ந்து ஓர் இடி. ‘இப்போது ஒரு பெரிய சத்தம் வரும், பயப்படாதீர்கள்’ என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டால் ஹைடன் செய்த வேலை வீண். நான் விரும்புவது வேறு ஒரு முறை. ஹைடனின் கையெழுத்துப் பிரதியில் முதலில் அந்த இடி இல்லை, பிறகுதான் சேர்த்தார். ஆகவே முதல் பதினாறு பார்களை இடியில்லாமல் அவர் முதலில் எழுதியபடி வாசியுங்கள். ‘ஹைடனுக்கு இது போதவில்லை, ஒன்றை மாற்றினார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு முழுப் பகுதியையும் வாசியுங்கள். இடி விழும், பிள்ளைகள் துள்ளுவார்கள். அதற்குப் பிறகு நடப்பது இன்னும் அழகு. அந்த இடி மறுபடி வரவே வராது. ஆனால் வரும் என்று காத்துக்கொண்டு ஆறு நிமிடமும் காதைத் தீட்டியபடி உட்கார்ந்திருப்பார்கள். மெட்டு மைனர் என்ற இருண்ட சாயலுக்கு மாறுவதும் ஓபோ தனியாக வருவதும் அவர்கள் காதில் விழுவது அந்தக் காத்திருப்பினால்தான். ஓர் இசையமைப்பாளர் மனம் மாறி எழுதியதைத் திருத்தினார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் நேரில் கேட்பதும் சின்ன விஷயமில்லை.

மெதுவான இசையைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் கச்சேரி என்றதும் தொடக்கம் முதல் முடிவுவரை துள்ளலாகவே போடுகிறவர்கள் உண்டு. அரை மணி நேரத்தில் அரங்கம் கையைவிட்டுப் போய்விடும். உரத்த, வேகமான ஒன்றுக்குப் பின்னால் ஒரே ஒரு கருவி பாடுகிற துண்டு வேண்டும். ‘அன்னம்’ அதற்கென்றே எழுதியது போல இருக்கும். மூன்று நிமிடம், ஒரு செல்லோ. வாசிப்பவரை அவர் இடத்திலிருந்து எழுப்பி மேடை விளிம்புக்குக் கொண்டுவந்து உட்காரவையுங்கள், வில் கம்பியைத் தொடுவது முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். க்ரீகின் ‘காலை’யும் நல்லது, ஃபுளூட்டும் ஓபோவும் ஒரே மெட்டை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்ளும்.

மோட்ஸார்ட் ‘ஏதாவது’ என்று ஏன் எழுதினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. மோட்ஸார்ட் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்ற பேச்சு இன்னும் பெற்றோர்களிடையே ஓடுகிறது. அது 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். கேட்டது இரண்டு பியானோவுக்கான ஒரு சொனாட்டா. வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கிற ஒருவகைத் தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது, அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான். குழந்தைகளைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அந்தக் காரணத்துக்காக மோட்ஸார்ட்டைப் போடாதீர்கள். போட விரும்பினால் நான்காவது ஹார்ன் கன்செர்ட்டோவின் கடைசிப் பகுதியைப் போடுங்கள். வேட்டைக்குப் போகிற உற்சாகம், நான்கு நிமிடத்துக்குள் முடியும், நடுவில் ஒருவர் நின்று வாசிப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். உங்கள் குழுவில் துணிச்சலான ஹார்ன்காரர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சினிமா இசை வேண்டும், வெட்கப்படாதீர்கள். ஆனால் ஒரு பழைய துண்டோடு ஜோடி சேர்த்துப் போடுங்கள். 2001இல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் எழுதிய மெட்டு, சின்ன மணிகள் போல ஒலிக்கும் செலஸ்டா என்ற விசைப்பலகைக் கருவியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலேயில் வரும் ‘சர்க்கரைத் தேவதையின் நடன’த்தை வாசியுங்கள். 1891இல் பாரிஸில் இந்தப் புதுக் கருவியைக் கண்ட சைக்கோவ்ஸ்கி, தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி அதை ரகசியமாக வரவழைக்கச் சொன்னார். ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் மோப்பம் பிடித்துத் தனக்கு முன்னால் பயன்படுத்திவிடக் கூடாது என்ற கவலை. இந்தக் கதையைச் சொல்லுங்கள். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பு ஒருவர் ஒளித்துவைத்த ஓசைதான் தங்களுக்குப் பிடித்த படத்தில் மந்திரத்தின் ஓசையாக வருகிறது என்று பிள்ளைகள் தாங்களே கோத்துக்கொள்வார்கள். செலஸ்டா வாடகைக்குக் கிடைக்காவிட்டால் நல்ல கீபோர்டில் அந்த ஓசையை வைத்துச் சமாளிக்கலாம்.

நம் தமிழ்ச் சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்க்கலாமா என்று உங்கள் ஆட்களும் கேட்பார்கள். சேர்க்கலாம், ஆர்கெஸ்ட்ராவுக்கென்றே ஒழுங்காக எழுதிய ஸ்கோர் கையில் இருந்தால். பாடலின் மெட்டை முதல் வயலினுக்குக் கொடுத்துவிட்டு மற்ற எல்லோரும் கீழே நீண்ட சுரம் பிடித்துக்கொண்டிருக்கிற அவசர அரேஞ்ச்மென்ட் வேண்டாம். நம் பாட்டுதான் நிரலிலேயே சோனியாக ஒலித்தது என்ற எண்ணத்தோடு நம் பிள்ளைகள் திரும்பக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் நான் கறார்.

ஐரோப்பிய ஆண்களின் பெயராகவே அடுக்கிவிட்டேன். ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதியான ‘ஜூபா’ நடனத்தைக் கட்டாயம் பாருங்கள். 1933இல் சிகாகோ சிம்பொனி அதை அரங்கேற்றியது. ஒரு பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் தடவை. ஜூபா என்பது அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் உடம்பையே மேளமாக்கிக் கையும் தொடையும் மார்பும் தட்டி ஆடிய நடனம். சுமார் நான்கு நிமிடம், கால் தானாக ஆடும். பிள்ளைகளையும் உடம்பால் தாளம் போட வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பங்கேற்பு இப்படி இசைக்குள்ளிருந்து வர வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் கைதட்டச் சொல்லிக்கொண்டே இருந்தால் கேட்பதற்கு நேரமிருக்காது. ‘செவ்வாய்’க்கு முன்னால் ஒன்று, ‘ஜூபா’வில் ஒன்று என்று இரண்டு இடம் போதும்.

பார்க்கவும் ஒன்று வேண்டும். லீராய் ஆண்டர்சன் 1950இல் எழுதிய ‘தட்டச்சுப்பொறி’யில் நிஜமான பழைய டைப்ரைட்டர்தான் தனிக் கருவி. விசை தட்டும் சத்தம், மணி, உருளையைத் தள்ளுகிற ‘சர்ர்’ எல்லாம் தாளமாகிவிடுகிறது. வேகத்தில் விசைகள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க இரண்டே விசைகள் வேலை செய்யும்படி மாற்றிவைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் தாளக் கருவிக்காரர் ஆசையோடு முன்வருவார்.

இவ்வளவையும் வைத்து நான் போடுகிற நிரல் இப்படி இருக்கும். பிஸேயின் ‘கார்மென்’ முன்னிசையில் தொடங்குங்கள், இரண்டு நிமிடத்தில் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள். உடனே ஹைடன், மனம் புதிதாக இருக்கும்போதே. அப்புறம் டைப்ரைட்டர், பிறகு சைக்கோவ்ஸ்கி-வில்லியம்ஸ் ஜோடி. நடுவில் ‘செவ்வாய்’, நிரலிலேயே நீளமானது இதுதான் என்பதால் பிள்ளைகள் களைப்பதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். அந்தப் பேரிரைச்சல் அடங்கியதும் ஒற்றைச் செல்லோவில் ‘அன்னம்’. கேன்-கேன், ‘ஆமை’, ‘ஜூபா’, ‘மலையரசன்’, கடைசியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘நெருப்புப் பறவை’யின் இறுதிப் பகுதி. தந்திக் கருவிகளின் மெல்லிய நடுக்கத்துக்கு மேல் ஒரே ஒரு ஹார்ன் தொடங்கி, அந்த மெட்டு பரவிப் பரவி முடிவில் ஏழு எண்ணிக்கையில் முழு ஆர்கெஸ்ட்ராவும் முழங்கும். மூன்று நிமிடம். ‘பொலேரோ’ கால் மணி நேரத்தில் செய்வதில் பெரும்பங்கை இது அதற்குள் செய்துவிடும். இசை மட்டும் சுமார் 40 நிமிடம், பேச்சுக்குப் பத்து, இடைவேளை வேண்டாம்.

பேசுபவர் யாராக இருந்தாலும் ஒரு துண்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. இசையமைப்பாளர் எங்கே பிறந்தார், எத்தனை சிம்பொனி எழுதினார் என்பதெல்லாம் பிள்ளைக்குத் தேவையில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு துப்பு, அதையும் வாயால் சொல்லாமல் கருவியில் வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளைகள் உண்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் வருவார்கள். ஹைடனின் இடியைப் பற்றிப் பொது அறிவிப்பு வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, ஆனால் டிக்கெட் அனுப்பும்போதே பெற்றோருக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள். எந்தத் துண்டில் சத்தம் அதிகம், எத்தனையாவதாக வருகிறது, வெளியே போய்வரக் கதவு எங்கே என்று. வாசலில் காது மூடிகள் சில வைத்திருங்கள். டிரம்பெட், தாளக் கருவிகளுக்கு நேரெதிரே உள்ள முன்வரிசையைக் காலியாக விடுங்கள்.

கடைசியாகப் பார்ட்டுகள். பிரிட்டனில் இசையமைப்பாளர் இறந்து 70 வருடம் கழித்தே உரிமை முடிகிறது. க்ரீக், ஹைடன், பிஸே, சான்-சான்ஸ், சைக்கோவ்ஸ்கி, ஹோல்ஸ்ட் எல்லாம் சிக்கலில்லை. ஸ்ட்ராவின்ஸ்கி 1971இலும் ஆண்டர்சன் 1975இலும் இறந்தவர்கள், வில்லியம்ஸ் நம் காலத்தவர். இவர்களுக்குப் பார்ட்டை முறைப்படி வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும், அரங்கத்துக்கு பி.ஆர்.எஸ். உரிமம் (உரிமையுள்ள இசையைப் பொது இடத்தில் வாசிப்பதற்கான அனுமதி) இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புரோகோஃபியேவ் 1953இல் இறந்தவர். அவரை அடுத்த வருடம் எடுப்பதானால் இசைக்குச் சிக்கல் இல்லாவிட்டாலும் ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கக்கூடும், விசாரித்துக்கொள்ளுங்கள். ‘செவ்வாய்’ மூல ஸ்கோர் ஆறு ஹார்ன் கேட்கிறது. உங்களிடம் அத்தனை பேர் இல்லையென்றால் சின்னக் குழுக்களுக்காகச் சுருக்கி எழுதிய பதிப்பைத் தேடி வாங்குங்கள், நடுவில் வெட்டி வாசிக்காதீர்கள். ‘நெருப்புப் பறவை’க்கு 1919ஆம் வருடத் தொகுப்பைக் கேளுங்கள், 1910இல் பாலேக்கு எழுதிய முழு ஸ்கோருக்கு வேண்டிய ஆட்கள் எந்த அமெச்சூர் குழுவிலும் தேற மாட்டார்கள். அதில் ஹார்ன் சோலோ யாருக்கு என்று முதல் ஒத்திகைக்கு முன்னாலேயே முடிவுசெய்து அவரிடம் பார்ட்டைக் கொடுத்துவிடுங்கள்.